யானை முதலில், பொடியன்கள் பிறகு

இன்சுலின் ஊசி போட்ட இடத்தில் தோலுக்கடியில் கொழுப்பு கரைந்து குழி விழுவது ஒரு காலத்தில் சகஜம். உயிர் பிழைத்ததற்குக் கட்டும் வட்டி என்று சர்க்கரை நோயாளிகள் அதைச் சகித்துக்கொண்டார்கள். முக்கியக் குற்றவாளி, மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து இன்சுலினோடு சேர்ந்து வந்த அந்நியப் புரதங்கள்.

1922 ஜனவரி 11 அன்று டொரான்டோவில் லெனர்ட் தாம்ஸன் என்ற சிறுவனுக்குப் போட்ட முதல் ஊசியே எச்சரித்தது. சர்க்கரை கொஞ்சம்தான் குறைந்தது; ஊசி போட்ட இடத்தில் கட்டி கிளம்பியது. ஜேம்ஸ் காலிப் ஆல்கஹாலைக் கொண்டு சாற்றைச் சுத்தப்படுத்தித் தந்த பிறகு, 23-ம் தேதி முதல் பையன் தேறத் தொடங்கினான். 1923-ல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் போனது. சுத்தம் செய்தவரை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்!

1926-ல் இன்சுலின் படிகமாக்கப்பட்டது. படிகம் என்றால் பரிசுத்தம் என்று நாற்பது ஆண்டுகள் நம்பினார்கள். நம்பிக்கையைக் குலைத்தது குரோமட்டோகிராபி. 1959-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் பொராத், ஃப்ளோடின் இருவரும் நுண்துளைகள் கொண்ட டெக்ஸ்ட்ரான் மணிகளைக் குழாயில் நிரப்பிப் புரதக் கரைசலை ஊற்றினார்கள். கோயில் ஊர்வலத்தில் யானை சந்துக்குள் நுழைய முடியாமல் நேராகப் போய்விடும். பொடியன்கள் சந்து சந்தாகப் புகுந்து கடைசியில் வந்து சேருவார்கள். அதேபோல் பெரிய மூலக்கூறு முதலில், சிறியது பிறகு. சல்லடைக்கு நேர் எதிர். படிக இன்சுலினை இப்படி ஓடவிட்டபோது ஒன்றுக்கு மூன்று முகடுகள் தெரிந்தன. இன்சுலினாக மாறாத புரோஇன்சுலினும் அதில் ஒளிந்திருந்தது.

அளவில் ஒத்த ஆசாமிகளைப் பிரிக்க மின்னூட்டம் உதவியது. நேர் மின்னூட்டமுள்ள மணிகளில் எதிர் மின்னூட்டப் புரதங்கள் ஒட்டிக்கொள்ளும். உப்பை மெல்லக் கூட்டினால் பிடிப்பு தளர்ந்தவை முதலில் கழன்று வரும். 1970களில் இவ்வழியில் சுத்தமான பன்றி இன்சுலின் வந்ததும் குழிகள் அரிதாகின. பலருக்குப் புதிய மருந்தைக் குழியின் மீதே போட, குழி மேடேறியது.

பன்றியின் இடத்தில் இன்று பாக்டீரியாவும் ஈஸ்டும். பெங்களூரின் பயோகான், ஈஸ்டில் தயாரித்த மனித இன்சுலினை 2004-ல் அறிமுகப்படுத்தியது. எல்லோரும் கொண்டாடுவது மரபணு வித்தையை. ஆனால் ஈஸ்ட் தருவது வெறும் குழம்பு. குழாய்களில் இறங்கி வந்த பிறகே அது மருந்து. தயாரிப்புச் செலவில் பெரும் பங்கை விழுங்குவதும் இந்தச் சலவைதான். ஒரே மணிகளை எத்தனை முறை கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது தொழிற்சாலைக்கு லாப நஷ்டக் கணக்கு.