குப்பிக்குள் பாடபேதம்

பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் பணியில் சில காலம் இருந்தவன் நான். படியெடுப்பவர் எத்துணைக் கவனமுடையவராயினும் பிரதி மூலத்தினின்று வழுவவே செய்யும். ஆய்வுக்கூடத்துக் கிருமிக்கும் இவ்விதி உண்டென்று படித்தபோது வியப்பினும் கவலையே மிகுந்தது. எங்கள் குடும்பத்தில் ஓர் உயிரைக் காசநோய் கொண்டு போயிருக்கிறது.

உலகெங்கும் காசநோய் ஆராய்ச்சியாளர் அளவுகோலாகக் கொள்வது 'எச்37ஆர்வி' என்னும் கிருமி வகையை. 1905ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சாரனாக் ஏரிக்கரைக் காசநோய் இல்லத்தில், 19 வயது இளைஞன் ஒருவனிடமிருந்து எட்வர்ட் பால்ட்வின் பிரித்தெடுத்த கிருமியே அதன் மூதாதை. 1930களில் வில்லியம் ஸ்டீன்கன் அதனை வீரியமுள்ளது, வீரியமற்றது என இரண்டாகப் பிரித்தார். வீரியமுள்ளதன் மரபுச் செய்தி, ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துக்கள், 1998இல் முழுவதும் வாசிக்கப்பட்டு மூலபாடமாயிற்று.

ஆயின் கிருமியோ அதற்கு முன்பே பல கைகள் மாறிவிட்டது. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் அதனைத் தன் குப்பியில் மீண்டும் மீண்டும் வளர்த்து, கேட்டவர்க்கும் கொடுத்து வந்தது. 2010இல் ஆறு ஆய்வுக்கூடங்களின் கிருமிகளை ஒப்பிட்டபோது, ஒரே பெயர் தாங்கிய அவை தம்முள் வேறுபட்டிருந்தன.

சிறு வேறுபாடுதானே என்று தள்ளுவதற்கில்லை. பி.டி.ஐ.எம். என வழங்கும் மெழுகுப் பொருளொன்று இக்கிருமியின் மேலுறையில் உண்டு. உடலுக்குள் அது கவசம். குப்பியிலோ வீண் சுமை. அதனை ஆக்கும் திறனிழந்த கிருமி குப்பியில் விரைந்து பெருகி மற்றவற்றை முந்திவிடும். மரபணு ஒன்றை நீக்கிய ஆய்வாளர், எலியின் உடலில் கிருமி தளர்ந்ததைக் கண்டு, அம்மரபணுவே நோயின் வேரென்று எழுதிவிடலாம். உண்மையில் போனது மெழுகாயிருக்கும். அம்முடிவை நம்பி மருந்து தேடுவோரின் ஆண்டுகள் வீணாகும். காத்திருக்கும் நோயாளி அதனை அறியார்.

பி.சி.ஜி. தடுப்பூசியின் வரலாறும் இத்தகையதே. கால்மெட்டும் கெரினும் 1908 முதல் 1921 வரை 230 முறை மாற்றி வளர்த்து, மாட்டுக் காசநோய்க் கிருமியின் வீரியத்தை அடக்கினர். பல நாடுகளுக்குச் சென்றபின் அதுவும் கிளை கிளையாய்ப் பிரிந்தது. 1968இல் செங்கற்பட்டில் தொடங்கிய பெருஞ்சோதனையில் பாரிஸ், டென்மார்க் வகைகள் இரண்டும் இடப்பட்டன. நுரையீரல் காசநோயை இரண்டுமே தடுக்கவில்லை. ஆகவே அத்தோல்வியை வகைபேதத்தின் தலையில் கட்ட நான் முன்வரேன்.

கவனமுள்ளவர்கள் தொடக்க வளர்ப்பையே சிறு குப்பிகளில் உறையவைத்து, சோதனைக்கு முன்னும் பின்னும் மெழுகு உளதா என்று பார்க்கிறார்கள். எந்தக் குப்பி, எத்தனையாவது வளர்ப்பு என்று குறிப்பிடாத கட்டுரைகளும் வருகின்றன. அவற்றை, எழுதியவர் பெயரும் ஊரும் அற்ற சுவடியை வாசிப்பது போலத்தான் வாசிக்கிறேன்.