ஊசிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே

இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் மிகவும் சொற்பம். பெரும்பாலான வீடுகளில் இருக்கும் மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜ் 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை தரும். சிடி பிளேயரிலிருந்து வருவதோ 2 வோல்ட் வரை போகும். இந்தச் சொற்ப மின்னழுத்தத்தை ஏறக்குறைய 100 மடங்கு, அதாவது 40 டெசிபெல், பெருக்கி ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைப்பது ஃபோனோ பிரீஆம்ப்பின் முதல் வேலை.

இரண்டாவது வேலை இதைவிடச் சுவையானது. கீழ் சுருதி ஒலிகளை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகலமாக வளைந்து அடுத்த பள்ளத்தில் முட்டும். ஒரு பக்கத்தில் 20 நிமிடப் பாட்டு அடங்காது. மேல் சுருதி ஒலிகளை அப்படியே வெட்டினால் அவை தட்டின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். ஆகவே வெட்டும்போதே கீழ் ஒலியைக் குறைத்து, மேல் ஒலியைக் கூட்டிவிடுகிறார்கள். பிரீஆம்ப் அதை நேர் எதிராகத் திருப்ப வேண்டும். 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. அளவுகோல் பின்னர் உலகம் முழுவதும் பரவியது. அதன்படி 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் கூட்டவும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே அளவு குறைக்கவும் வேண்டும்.

பிரீஆம்ப்பை மாற்றலாமா என்ற கேள்வி, கையில் இருப்பது இந்த இரண்டு வேலைகளையும் சரியாகச் செய்கிறதா என்பதில்தான் தொடங்க வேண்டும். இவற்றைச் சரியாகச் செய்யும் சுற்று விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள 5532 போன்ற மலிவான சிப்பும், மதிப்பு துல்லியமான சில ரெசிஸ்டர்களும் கெபாசிட்டர்களும் போதும். துல்லியம் என்பதுதான் இங்கே முக்கியம். கெபாசிட்டரின் மதிப்பு பத்து சதவீதம் பிசகினால் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு ஏறக்குறைய ஒரு டெசிபெல் கோணும். இடது பக்கம் ஒருவிதமாகவும் வலது பக்கம் வேறுவிதமாகவும் கோணினால், நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் ஓரமாக நகர்ந்து மங்கும். மிக மலிவான பிரீஆம்ப்களில் காணப்படும் உண்மையான குறை இதுதான். ஓரளவு நல்ல ஒன்றை வைத்திருப்பவருக்கு இந்தக் குறை பெரும்பாலும் இராது.

இரைச்சலைச் சோதிப்பது எளிது. ஊசியைத் தட்டிலிருந்து தூக்கிவிட்டு, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்து, வழக்கமான இருக்கையில் உட்கார வேண்டும். அங்கிருந்து 'உஸ்' என்ற ஓசை காதில் விழாவிட்டால், இரைச்சலுக்காகப் புதிய பிரீஆம்ப் வாங்கத் தேவையில்லை. ஊசி இறங்கியதும் எழும் தட்டின் சொந்த இரைச்சல் அதைவிடப் பல மடங்கு பெரிது. அடிக்குரலில் 'ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது டர்ன்டேபிளிலிருந்து வரும் எர்த் ஒயர். அது பிரீஆம்ப்பின் திருகில் இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறதா, அடாப்டர் கார்ட்ரிட்ஜுக்கு அருகே இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலான உறுமல் ஓய்ந்துவிடும்.

அடுத்தது சுமை. பலர் கவனிக்காத இடமும் இதுதான். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் பிரீஆம்ப்பின் வாசலில் 47,000 ஓம் எதிர்ப்பையும் ஓர் அளவான கெபாசிட்டன்ஸையும் எதிர்பார்க்கிறது. டோன்ஆர்மின் உள்கம்பி, வெளிக்கம்பி, பிரீஆம்ப் மூன்றின் கெபாசிட்டன்ஸும் அங்கே கூடிவிடும். பரவலாக விற்கும் ஆர்ட்டஃபோன் 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300 பிகோஃபாரட் வரை ஏற்றது என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். அதன் இண்டக்டன்ஸ் 700 மில்லிஹென்ரி. மொத்தம் 250 பிகோஃபாரட் என்றால், அந்தச் சுற்றின் ஒத்ததிர்வு சுமார் 12,000 ஹெர்ட்ஸில் அமையும். நீளமான கம்பியும் பொருந்தாத பிரீஆம்ப்பும் சேர்ந்து அதை 450 ஆக்கிவிட்டால் ஒத்ததிர்வு 9,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, ஜால்ராவும் 'ஸ' ஓசையும் அளவுக்கு மீறி மினுங்கும். அதற்கு மேலே ஒலி சட்டென்று தேய்ந்துவிடும். இதைக் கேட்பவர் 'பிரீஆம்ப் கடுமையாக ஒலிக்கிறது' என்று சொல்லி, விலை கூடிய ஒன்றைத் தேடுவார். குட்டையான கம்பியோ, கெபாசிட்டன்ஸைத் தேர்வு செய்யும் சுவிட்ச் உள்ள எளிய பிரீஆம்ப்போ அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

'ஸ' ஓசை சிதறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பிரீஆம்ப்பின் எல்லைக்கே வராதது. 33⅓ சுழற்சித் தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கடியில் பள்ளம் வினாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்பக்கக் கடைசிப் பாட்டில் 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலி பாதி இடத்துக்குள் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. உருண்டை முனை ஊசியோ தேய்ந்த ஊசியோ அந்த நுணுக்கமான வளைவுகளுக்குள் இறங்க முடியாமல் திணறும். முதல் பாட்டு தெளிவாக இருந்து கடைசிப் பாட்டில் மட்டும் சிதறினால், பணம் போக வேண்டியது ஊசிக்கு. நீள்வட்ட முனையிலிருந்து மைக்ரோலைன் முனைக்கு மாறும்போது காதில் விழும் வேறுபாடு, நல்ல இரண்டு பிரீஆம்ப்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது. இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். ஏனெனில் இசைத்தட்டுக் கேட்பவர்களின் பணம் இந்த ஓரிடத்தில்தான் பெரும்பாலும் தடம் மாறிப் போகிறது.

தமிழ் வீடுகளிலிருந்து வந்த பழைய தட்டுகளுக்கு இதைத் தாண்டிய வரம்பு ஒன்று இருக்கிறது. கைப்பெட்டி பிளேயர்களில் கனமான கையோடு செராமிக் கார்ட்ரிட்ஜ் ஓடிய காலத்தில் பல தட்டுகளின் பள்ளச் சுவர்களே தேய்ந்துவிட்டன. அந்தத் தேய்மானத்தை எந்தப் பிரீஆம்ப்பும் மீட்டுத் தராது. ஆனாலும் அங்கே உதவும் சிறு வசதி ஒன்று உண்டு: மோனோ சுவிட்ச். பழைய திரைப்பாட்டு இபி தட்டுகள் பலவும் மோனோ. அவற்றில் இசை பக்கவாட்டு அசைவாக மட்டுமே வெட்டப்பட்டிருக்கிறது. தூசியும் கீறலும் ஊசியை மேலும் கீழும் தூக்கிப் போடுகின்றன. இரு பக்கங்களையும் ஒன்று சேர்த்தால் அந்த மேல்கீழ் அசைவு ரத்தாகி, சடசடப்பு கணிசமாக அடங்கும். பிரீஆம்ப்பை மாற்றுவதற்குச் சொல்லத்தக்க நல்ல காரணம் இது.

மூவிங் காயில் கார்ட்ரிட்ஜுக்கு மாறுவது இன்னொரு நல்ல காரணம். 1960-களிலிருந்து ஜப்பானில் தயாராகிவரும் டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட்தான். 40 டெசிபெல் பெருக்கும் பிரீஆம்ப்பில் அதை மாட்டினால் வால்யூமை முழுக்கத் திருப்பியும் ஒலி மெலிந்தே கேட்கும், கூடவே இரைச்சலும் எழும். அதற்கு 60 டெசிபெல் பெருக்கம் வேண்டும். இருக்கும் பிரீஆம்ப் நல்லதாக இருந்தால், 1:10 விகித ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரை முன்னால் சேர்த்து, அந்த 0.3-ஐ 3 மில்லிவோல்ட் ஆக்கிக்கொள்வதும் ஒரு வழி. 47,000 ஓம் அப்போது கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும். டிஎல்-103-க்கு அது பொருந்தும்.

இரண்டு பிரீஆம்ப்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமன் செய்யாவிட்டால் முடிவு பொய்யாகிவிடும். அரை டெசிபெல் சத்தம் கூடியது எதுவோ அது 'உயிரோட்டமாக' ஒலிக்கும். காரணம் சத்தம் என்று காது சொல்லாது. இரண்டிலிருந்தும் ஒரே பாட்டைக் கணினியில் பதிவு செய்து, அளவைச் சமன் செய்து, எது எதுவென்று தெரியாமல் மற்றொருவரை மாற்றிப் போடச் சொல்லிக் கேட்பதே நேர்மையான வழி. தம்புராவின் மீட்டல், தவிலின் தொப்பிப் பக்கத்து அடி போன்ற இடங்களில் வேறுபாடு இருந்தால் அப்போது வெளிப்பட்டுவிடும்.

78 சுழற்சித் தட்டுகள் வைத்திருப்பவர்களின் கதை தனி. எம்.கே. தியாகராஜ பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் அந்தத் தட்டுகளில் பாடிய காலத்தில் ஆர்.ஐ.ஏ.ஏ. பிறக்கவே இல்லை, ஒவ்வொரு நிறுவனமும் தன் வளைவில் வெட்டியது, மேல் ஒலியைக் கூட்டாமல் வெட்டியவையும் ஏராளம். அவற்றை இன்றைய பிரீஆம்ப் வழியாகக் கேட்டால் 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் வீணாகக் குறைக்கப்பட்டு, ஏறிச் செல்லும் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிக் கேட்கும். அவர்களுக்கு வளைவை மாற்றிக்கொள்ளும் குமிழ்கள் உள்ள பிரீஆம்ப் தேவை. அதோடு 0.003 அங்குல முனை கொண்ட ஊசியும் வேண்டும். எல்பி ஊசி அந்த அகன்ற பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கைத்தான் கிளறும். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் இதற்கென்றே எஸ்பி என்ற ஊசி இருக்கிறது; கார்ட்ரிட்ஜைக் கழற்றாமல் ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.