குண்டு போட்டு அளந்த ஊர்

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கடலூரைக் 'கூடலூர்' என்றுதான் சொல்வார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019-ல். அதற்கு முன்னால் விழுப்புரம். 1993-க்கு முன்னால் தென்னாற்காடு. தென்னாற்காட்டுக்குத் தலைநகர் கடலூர். ஆகவே எந்தப் பெரிய காரியம் என்றாலும் கட்டுச்சோற்று மூட்டையோடு அங்கேதான் ஓட வேண்டும். ஓடியவர்கள் ஆண்கள். பெண்கள் சோறு கட்டிக் கொடுத்ததோடு சரி!

என் மாமியார் அப்படிக் கட்டிக் கொடுத்தவர். எங்கள் வீடு கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்துப் பக்கம். மாமனாருக்கும் அவருடைய தம்பிக்கும் ஒரு வரப்பு விஷயத்தில் தகராறு. ஒரு முழ அகலம் இருந்தால் அதிகம். இரண்டு பேருமே விட்டுக் கொடுக்கவில்லை. ஒன்பது வருஷம் வழக்கு நடந்தது. அத்தையின் காசுமாலை அடகுக்குப் போய் மூழ்கியது அதில்தான். இப்போது அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. வரப்பு மட்டும் புல் முளைத்துக் கிடக்கிறது.

"என் காசுமாலையை முழுங்கின கூடலூரை ஒரு தடவையாச்சும் பாத்துடணும்மா" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். வயது எண்பது. கடலையும் பார்த்ததில்லை. என் மகள் தேவனாம்பட்டினத்தில் பெரியார் கலைக் கல்லூரியில் சரித்திரம் படிக்கிறாள். அவளைப் பார்க்கும் சாக்கில் போன தை மாதம் அத்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகப் பேருந்து. வயதானவர்களோடு போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: விடியற்காலை வண்டியைப் பிடியுங்கள், மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லியை வாழை இலையில் கட்டிக்கொள்ளுங்கள், சர்க்கரை மாத்திரையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். நான் பெட்டியில் வைத்துவிட்டு, பண்ருட்டி நிலையத்தில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுத் தேடினேன்!

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, மகள் எங்களைத் தேவனாம்பட்டினத்துக்கு ஆட்டோவில் அழைத்துப் போனாள். கடற்கரைக்குக் கொஞ்சம் முன்னால், கெடிலம் ஆற்றை ஒட்டிப் பழைய செங்கல் கட்டடமும் மேடும் தெரிந்தன. "இதான் பாட்டி, இங்கிலீஷ்காரன் கோட்டை" என்றாள். செயிண்ட் டேவிட் கோட்டை என்று பேராம். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. செஞ்சிக் கோட்டை மாதிரி நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

அவள் சொன்ன கதை ஆனால் சாதாரணமானது இல்லை.

சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருந்த காலம். 1690-ல் இங்கிலீஷ் கம்பெனி மராட்டியர்களிடமிருந்து இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதற்கு வைத்த பேர் இவருடையதுதான். கோட்டை மட்டும் இல்லை, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு நிலமும் கிரயத்தில் சேர்த்தி! நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து, திசை திசையாகச் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட கிராமங்கள், கடலூர் ஊர் உட்பட, இங்கிலீஷ்காரன் கைக்குப் போயின. 'குண்டு கிராமங்கள்' என்றே பிற்பாடு பேர் நிலைத்தது.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, இருபத்தோரு வயது ராபர்ட் கிளைவ் வேஷம் போட்டுத் தப்பி ஓடிவந்தது இங்கேதான். அப்புறம் சில வருஷங்கள் சோழமண்டலக் கரையில் இங்கிலீஷ்காரர்களுக்கு இதுவே தலைமை இடம். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து மதில்களை இடித்துத் தள்ளினார். இப்போது நாம் பார்ப்பது மிச்சம் மீதி.

கிளைவ், லாலி எல்லாம் அத்தை காதில் ஏறவில்லை. குண்டிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, வரப்புக்கல்லு, சங்கிலி ஒண்ணும் வெச்சு அளக்கலியா?"

"இல்ல பாட்டி. குண்டு விழுந்த எடம்தான் எல்லை."

"உங்க தாத்தா ஒரு முழ வரப்புக்கு ஒம்போது வருஷம் அலைஞ்சாரு. இவன் ஒரே நாள்ல ஊரையே எடுத்துட்டானா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று, "குண்டு விழுந்த எடத்துல எவளாச்சும் அடுப்பு மூட்டிக்கிட்டு இருந்திருப்பாளே, அவ என்ன ஆனா?" என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். அவள் பாடப் புத்தகத்தில் அது இல்லை போலிருக்கிறது.

எனக்கு எங்கள் மலை நினைவுக்கு வந்தது. சாமையும் தேனும் புளியும் தலைச்சுமையாக இறக்கிக் கொண்டுவருகிற மலைக்காரப் பெண்களை அத்தை சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்து, 1976-ல்தான் அரசாங்கத்துக்கு வந்தது. அங்கேயும் உழுதவர் ஒருவர், எல்லை சொன்னவர் வேறொருவர்.

நாலு மணிக்கு மேல் கடற்கரைக்குப் போனோம். சில்வர் பீச் என்கிறார்கள். உச்சி வெயிலில் போனால் மணல் காலைப் பொசுக்கிவிடும். குளிக்கிற ஆசையும் வேண்டாம், ஆறு கடலில் சேருகிற இடத்தில் இழுப்பு அதிகம். 2004 சுனாமியில் இந்தக் கரை பட்ட பாட்டை மறக்க முடியுமா! கெடிலம் எங்கள் மாவட்டத்தில் புறப்படுகிற ஆறு என்று சொன்னதும் அத்தைக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நம்ம ஊர்த் தண்ணியும் இதுல இருக்குது" என்று முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் ஒரு கையையும் மகள் ஒரு கையையும் பிடித்துக்கொண்டோம். அலை வந்து காலடி மணலை இழுக்கும்போதெல்லாம் சின்னக் குழந்தை மாதிரி கூச்சல்!

காசுமாலையைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவே இல்லை. கிளம்பும்போது காலியான தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இதுல கொஞ்சம் கடல் தண்ணி புடி" என்றார். எதற்கு என்றேன்.

"சின்னவளுக்கு. அவளும் கடலைப் பாத்ததில்ல."

சின்னவள் என்றால் அந்தத் தம்பியின் மனைவி. வரப்புக்கு அந்தப் பக்கத்து வீடு. வழக்கு முடிந்தும் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

பாட்டில் மூடி சரியாக மூடாமல், உளுந்தூர்பேட்டை வருவதற்குள் பாதித் தண்ணீர் என் பையில் கொட்டிவிட்டது. மீதியை மறுநாள் காலை அத்தையே எடுத்துக்கொண்டு போனார், வரப்பு மேலேயே நடந்து.