கதவு தந்த பாடம்

எமது பழைய வானின் இடப்பக்கக் கதவு ஒருநாள் உள்ளிருந்து திறக்க மறுத்தது. முழங்கால் நோயுள்ள அன்னையார் ஓட்டுநர் ஆசனத்தைக் கடந்து இறங்கும்படியாயிற்று. அன்றே கதவைக் கழற்றினோம். பூட்டை மறைத்திருந்த உட்பலகையோ உக்கிப்போய்க் கையோடு உதிர்ந்தது.

புதியதை நாமே செய்யத் துணிந்தோம். பூட்டுக்கு ஒன்று, கண்ணாடி ஏற்றும் பொறிக்கு ஒன்று, அடிப்பகுதிக்கு ஒன்று என மூன்று துண்டுகள். பழுதுற்ற இடத்தை மட்டும் திறந்தாற் போதும். மட்டையில் அளவெடுத்து, 3 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையை வெட்டித் திருகாணியாற் பொருத்தினோம். பின்புறம் ஒட்டியிருந்த பொலித்தீன் தாளைக் குப்பையென எறிந்தோம்.

முதல் மழையிலேயே பலகை ஊதியது! அப்போதுதான் உண்மை விளங்கிற்று. கண்ணாடி வழியே கதவினுள் மழைநீர் இறங்குவது இயல்பே. அது கதவின் அடியிலுள்ள சிறு துளைகளால் வெளியேறும். அந்நீர் பலகையைத் தீண்டாது காத்தது அந்தத் தாளே.

மீண்டும் தொடங்கினோம். அடைபட்ட துளைகளைத் துப்புரவாக்கி, புதிய பொலித்தீனை இடைவெளியின்றி ஒட்டி, பலகையின் விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூசினோம். அடுத்த பெருமழை பலகையைத் தொடவில்லை.

மறுநாள் அன்னையார் தம் பக்கக் கதவைத் தாமே திறந்து இறங்கினார். பயனறியாத பொருளைக் குப்பையென்று ஒதுக்குவது எத்துணைப் பிழை!