பீப்பாயின் மேல் எழுதிய பெயர்

'மங்கி பிசினஸ்' என்ற பெயரில் ஹாலிவுட்டில் இரண்டு நகைச்சுவைப் படங்கள் உண்டு. 1931இல் பாரமவுண்டில் வந்தது மார்க்ஸ் சகோதரர்களுடையது. இயக்கம் நார்மன் மக்லியோட். மற்றது 1952இல் ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்தது. கதையிலோ எழுதியவர்களிலோ நடிகர்களிலோ ஒன்றுக்கொன்று ஸ்நானப்பிராப்தி கிடையாது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் தலைப்புக்குக் காவல் நிற்பதில்லை, அவ்வளவுதான். அந்த ஆங்கிலத் தொடரில் குரங்குச் சேட்டையும் இருக்கிறது, தில்லுமுல்லும் இருக்கிறது. முதல் படத்தில் குரங்கே இல்லை. இரண்டாவதில் நிஜ சிம்பன்சி. தமிழில் பெயர் வைத்திருந்தால் அப்போதே இரண்டும் பிரிந்து போயிருக்கும்.

ஆனாலும் ஒரு சங்கடம். 1938இல் வெளிவந்த 'நாடகமும் அதன் இரட்டையும்' நூலில் அந்தோனின் ஆர்த்தோ முதல் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1953இல் 'கையே து சினிமா'வில் ஹாக்ஸின் மேதைமை குறித்து ழாக் ரிவெத் எழுதிய கட்டுரை இரண்டாவது படத்திலிருந்துதான் தொடங்குகிறது. இருவருமே சிரிப்புக்கு அடியில் கலவரப்படுத்தும் ஏதோ ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு இரண்டு படங்களையும் ஒரே இழையில் கோத்துவிட நம் விமர்சகர்களுக்கு அரைமணி நேரம் போதும். தலைப்பைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு கவிதைக்குள் இறங்கியே பழகியவர்கள் நாம்.

மார்க்ஸ் சகோதரர்கள் நால்வரும் கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஒளிந்திருக்கிறார்கள். மீன் என்று எழுதிய பீப்பாய்களுக்குள் உட்கார்ந்து பாடுகிறார்கள். கதையில் அவர்களுக்குப் பெயரே இல்லை. அமெரிக்காவில் இறங்க பாஸ்போர்ட் வேண்டும். கையில் கிடைப்பதோ மொரீஸ் ஷெவாலியேயுடைய பாஸ்போர்ட் ஒன்றுதான். ஷெவாலியே அப்போது அதே பாரமவுண்டின் பாட்டு நட்சத்திரம். ஒருவர் பின் ஒருவராக அதே பாஸ்போர்ட்டை நீட்டி, நானே ஷெவாலியே என்று நிரூபிக்க அவர் பாட்டையே பாடுகிறார்கள். படங்களில் வாயே திறக்காத ஹார்ப்போ முதுகில் கிராமபோனைக் கட்டிக்கொண்டு வாயசைக்கிறான். சாவி இறங்கிக் குரல் இழுத்துக்கொண்டு போகிறது, குட்டு உடைகிறது. அதே அமளியில் ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் கண்டதிலெல்லாம் குத்துகிறான், அதிகாரியின் வழுக்கை உட்பட. (ஸ்டாம்பு குத்திச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இந்த இடத்தில் கிடைக்கும் ஆனந்தம் தனி.) இவர்களுடைய பெற்றோர் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். வரிசையில் நின்று, தான் யார் என்பதைக் காகிதத்தைக் காட்டி மெய்ப்பிக்கும் அவமானத்தை இதைவிடக் கொண்டாட்டமாக யாரும் பழிவாங்கியதில்லை. கரையிறங்கிய பிறகு வரும் தாதாக்கள் கதையும் வைக்கோல் கொட்டகைச் சண்டையும் சவசவ.

ஹாக்ஸின் படத்தில் கேரி கிராண்ட் இளமை மருந்து தேடும் விஞ்ஞானி. கூண்டைவிட்டு வெளியே வந்த சிம்பன்சி எதையெதையோ கலந்து ஆபீஸ் குடிதண்ணீரில் கொட்டிவிடுகிறது. அவர் தன் மருந்தைச் சாப்பிட்டுவிட்டு, கசக்கிறதென்று அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார். வேலை செய்தது தண்ணீர், பெயர் மருந்துக்கு. இதுவரை தமாஷ். பின்னால் ஓரிடம் வருகிறது. மனைவி (ஜிஞ்சர் ராஜர்ஸ்) தூங்கி எழுந்தால் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை கிடக்கிறது. புருஷன்தான் இப்படிச் சுருங்கிவிட்டான் என்று நம்பி, அதைத் தூக்கிக்கொண்டு அவன் ஆபீஸுக்கே போகிறாள். அவனோ முகத்தில் சாயம் பூசிக்கொண்டு தெருப் பையன்களோடு சிவப்பிந்தியர் விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த ஸ்திரீக்கு அவனை அடையாளம் காட்ட அவன் பெயரைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. மார்க்ஸ் படத்தில் நால்வர் ஒரு பெயரை மாற்றி மாற்றி உடுத்தும்போது நமக்கு வந்த குதூகலம் இங்கே வருவதில்லை. சிரித்துக்கொண்டே வயிறு கலங்குகிறது. ரிவெத் சொன்னது எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் இரண்டிலும் பெயர் படும் பாடுதானே பொது என்று கேட்கலாம். பொதுதான். கோகோலின் 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்' நாடகத்திலும் அதுவே. அந்தப் பாட்டுக்கும் படத்தின் தலைப்புக்கும் சம்பந்தமில்லை.

ஹாக்ஸ் படத்தில் டைட்டில் ஓடும்போதே கிராண்ட் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுகிறார். திரைக்கு வெளியிலிருந்து ஹாக்ஸின் குரல், இன்னும் நேரமாகவில்லை என்று தடுக்கிறது. பாத்திரத்தின் பெயரைச் சொல்லி அல்ல, கேரி என்றே கூப்பிட்டு. அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறார்; எழுத்துகள் தொடர்ந்து ஓடுகின்றன.