துப்பின மாமா

போன செப்டெம்பரில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ரொறன்ரோவிலிருந்து நயாகரா-ஒன்-த-லேக் போனோம், வைன் தோட்டம் பார்க்க. “பிள்ளையளையும் கூட்டிக்கொண்டோ?” என்று அம்மா முகத்தைச் சுளித்தா.

முதல் தோட்டத்தில் ஐஸ் வைன் பற்றிச் சொன்னார்கள். வீடால் என்ற திராட்சையைப் பறிக்காமல் கொடியிலேயே விடுவார்களாம். குளிர் மைனஸ் 8 பாகைக்குக் கீழே இறங்கிய பிறகு, பெரும்பாலும் இரவில், உறைந்தபடியே பறித்துப் பிழிவார்கள். தண்ணீர் ஐஸாக நின்றுவிட, தேன் போல் கொஞ்சச் சாறு மட்டும் வடியும். அதனால்தான் சின்னப் போத்தலுக்கே அந்த விலை.

ருசி பார்க்கும் மேசையில், கார் ஓட்ட வேண்டிய நண்பர் மட்டும் ஒவ்வொரு மிடறையும் கிண்ணத்தில் துப்பினார். என் பதின்மூன்று வயது மகள் விடவில்லை.

“ஏன் மாமா துப்புறீங்கள்?”

“நான்தானே உங்களை வீட்டை கொண்டுபோய்ச் சேர்க்கோணும், செல்லம்.”

திரும்பும் வழியில் அவளுக்கு என் சின்ன வயதைச் சொன்னேன். பார்ட்டி என்றால் ஆம்பிளையள் கராஜுக்குள், கதவு பூட்டியிருக்கும். பிறகு அவர்களே கார் ஓட்டுவார்கள். பின் சீற்றில் நாங்கள்.

“பயமா இருந்ததா அம்மா?”

“ஓம். ஆனா ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை.”

ஒன்ராறியோவில் 19 வயதில் அவள் தானாகவே போத்தல் வாங்கலாம். இன்னும் ஆறு வருசம். எவ்வளவு போதும், யார் கார் ஓட்டுறது என்பதையெல்லாம் அதற்குள் எங்கட மேசையிலேயே அவள் பார்க்கட்டும். பூட்டிய கதவு எங்களுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.