பாறை நண்டுகள்

நெய்வேலிச் சிறுவர்க்கு நண்டு என்றால் வயல் நண்டே. வரப்பில் வளை தோண்டி வாழும் அதனை அறியாதார் இலர். கடலூருக்குச் சென்றவர் மணலில் ஓடி ஒளியும் நண்டுகளையும் கண்டிருப்பர். பாறையிடுக்குகளில் வாழ்பவை வேறு. அவற்றுள் பலவற்றை நாம் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை.

சோழமண்டலக் கரை பெரும்பாலும் மணற்கரை. ஆயினும் தரங்கம்பாடியில் பாறை நண்டுகளைக் காணலாம். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கொண்ட கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களே அங்கு அவற்றிற்கு வீடாயின. நம் கரையில் கடலின் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டரே. ஆதலின் தேடுவோர்க்குக் கிடைக்கும் இடம் குறுகியது; நேரமும் குறுகியது.

ஒருமுறை என்னுடன் வந்த மாணவன் ஒருவன் கல்லின் அடியில் தட்டையான சிறு நண்டு ஒன்றைக் கண்டான். “ஐயா, கொடுக்குகளை விட்டால் மூன்று இணைக் கால்களே உள்ளன. நான்காவது முறிந்துவிட்டதோ?” என்றான்.

முறியவில்லை. நான்காம் இணை மிகச் சிறியதாகி, மேலோட்டின் விளிம்பில் மடங்கிக் கிடந்தது. நீண்ட உணர்கொம்புகள் கண்களுக்கு வெளிப்புறமாக நீண்டிருந்தன. இவ்விரண்டையும் கண்டால் அது உண்மை நண்டன்று, பீங்கான் நண்டு என்று துணியலாம். துறவி நண்டுக்கே அது நெருங்கிய உறவு. பிடித்தால் கொடுக்கைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவிடும். பீங்கான் என்ற பெயர் அதற்குப் பொருந்தியதே.

நிறத்தை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். ஓரினத்திலேயே நிறம் பலவாறு வேறுபடும்; சாராயத்தில் இட்டால் அதுவும் மங்கிவிடும். மேலோட்டின் வடிவம், அதன் பக்க விளிம்பிலுள்ள பற்களின் எண்ணிக்கை, கொடுக்கின் நுனி ஆகியவற்றை நோக்க வேண்டும். நுனி கரண்டிபோல் குழிந்திருந்தால் அது பாறையிலுள்ள பாசியைச் சுரண்டித் தின்பதற்கு உதவும். வயிற்றின் அடியிலுள்ள மடல் ஆணுக்கு ஒடுங்கியும் பெண்ணுக்கு அகன்றும் இருக்கும். அல்காக் என்னும் அறிஞர் இந்திய நண்டுகளைப் பற்றி 1895 முதல் 1900 வரை வெளியிட்ட கட்டுரைகளில் இத்தகைய அடையாளங்களைப் பொறுமையுடன் விரித்துரைத்தார்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. இந்து, பசிபிக் மாகடல்களின் பவளப் பாறைகளில் வாழும் சோசிமஸ் ஈனியஸ் என்னும் அழகிய புள்ளி நண்டு கொடிய நஞ்சுடையது. வேக வைத்தாலும் நஞ்சு அழியாது, உண்டோர் இறந்ததுண்டு. பெயர் தெரியாத பாறை நண்டை அடுப்பிலேற்றலாகாது.

அன்று அம்மாணவன் பீங்கான் நண்டைப் படம் எடுத்துக்கொண்டு, கல்லை முன்பிருந்தபடியே கவிழ்த்து வைத்தான். கல்லின் அடிப்பக்கம் வெயிலில் கிடந்தால் அங்கே ஒட்டி வாழும் உயிர்கள் மடிந்துவிடும். பின்னர் அவன் அடுத்த கல்லுக்கு நகர்ந்தான். அலையோ எங்கள் முழங்காலை எட்டத் தொடங்கியிருந்தது.